பாலியல் நலம்: எந்தப் பிரச்சினைக்கு எந்த மருத்துவர், பேச்சை எங்கே தொடங்குவது

சர்க்கரை நோய் ஓ.பி.யில் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: சர்க்கரை கூடிய ரத்தம் ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. ஆணுறுப்பின் விறைப்பும் அதே குழாய்களையும் நரம்புகளையும் நம்பித்தான் இருக்கிறது. சர்க்கரை உள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு விறைப்புக் குறைவு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் அந்த ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. டாக்டர் கேட்கட்டும் என்று நோயாளி இருக்கிறார். ஏதாவது இருந்தால் அவரே சொல்லுவார் என்று டாக்டர் இருக்கிறார். நடுவில், மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியருக்குக் கூட்டம் சேருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கப்படி பாலியல் நலம் என்பது நோயில்லாமல் இருப்பதோடு முடிவதில்லை. உடல், உணர்வு, மனம், சமூக உறவு எல்லாவற்றிலும் நலமாக இருப்பதும், வற்புறுத்தலோ வன்முறையோ இல்லாமல் இருப்பதும் அதில் சேர்த்தி. மருத்துவமனைக் கணக்கில் இது பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் யாரிடம் போவது என்ற குழப்பமே முதல் தடையாகிறது.

யாரிடம் எதற்கு

முதலில் போக வேண்டியவர், ஏற்கெனவே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர்தான். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, மனச்சோர்வு என்று எதற்கு மாத்திரை எடுத்தாலும், எழுதிக் கொடுத்தவரே பாலியல் சிக்கலுக்கும் முதல் ஆள். காரணம் அந்த நோயாக இருக்கலாம், அந்த மாத்திரையாகவும் இருக்கலாம். இரண்டையும் அவரால்தான் சீக்கிரம் பிரித்துப் பார்க்க முடியும்.

பிறப்புறுப்பில் புண், கொப்புளம், மரு, சீழ், அரையில் நெறி கட்டுதல் என்றால் தோல் மருத்துவர். பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. இந்தியாவில் தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் மூன்றும் ஒரே எம்.டி. பட்டத்துக்குள் வருகின்றன. தோல் டாக்டர் போர்டின் இரண்டாவது வரியைப் படித்தால் தெரியும்.

சிறுநீரகவியல் அறுவை நிபுணர், அதாவது யூராலஜிஸ்ட், உறுப்பின் கட்டமைப்புச் சிக்கல்களுக்கு: உறுப்பு வளைதல், விதைப்பை வீக்கம், புராஸ்டேட் அறுவைக்குப் பின் வரும் பிரச்சினைகள், மாத்திரைக்கு மசியாத விறைப்புக் குறைவு. பெண்களுக்கு உறவின்போது வலி, ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், வறட்சி என்றால் மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர். ஆசையே இல்லாமல் போவது, பயம், பதற்றம், பழைய வன்முறையின் தழும்பு, தம்பதிக்குள் பேச்சு முறிந்த நிலை ஆகியவற்றுக்கு மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும். ஹார்மோன் கோளாறு தெரிந்தால் நாளமில்லாச் சுரப்பி நிபுணர். இடுப்புத் தளத் தசைகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் என்று ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. உறவின்போது தசை இறுகிக்கொள்ளும் பெண்களுக்கு அவர்தான் பாதி சிகிச்சை.

‘செக்ஸாலஜிஸ்ட்’ என்று போர்டு போட்டிருந்தால் பெயருக்குப் பின்னால் என்ன பட்டம் இருக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டில் எம்.டி., எம்.எஸ். போல அந்தப் பெயரில் தனி முதுநிலை மருத்துவப் பட்டம் கிடையாது. மனநலம், தோல், சிறுநீரகவியல் என்று ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் அனுபவம் சேர்த்துக்கொண்ட நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். பட்டமே இல்லாதவர்களும் அதே போர்டைத்தான் மாட்டுகிறார்கள். பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். இன்னொரு எளிய அளவுகோல்: பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் அந்த போஸ்டரே சட்டமீறல்தான்.

நான்கு படிகள்

பாலியல் சிக்கலை ஒரு மருத்துவரோ நர்ஸோ எந்த அளவுக்குக் கையாளலாம் என்பதற்கு 1976இல் ஜாக் அனன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு வரைவு கொடுத்தார். அதை ‘பிளிசிட்’ என்பார்கள். நான்கு படிகள்: பேச இடம் கொடுப்பது, அளவான தகவல் சொல்வது, குறிப்பான ஆலோசனை தருவது, ஆழமான சிகிச்சை. கீழிருந்து மேலே போகப் போக ஆட்கள் குறைவார்கள். முதல் படிக்கு மருத்துவமனையில் எல்லோருமே தகுதியானவர்கள். நான்காவது படி பயிற்சி பெற்ற சிலருக்கு மட்டும். நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான நோயாளிகளுக்கு முதல் இரண்டு படிகளே போதும்.

முதல் படிதான் கடினம். கேள்வி கேட்கும் விதத்திலேயே பதில் தீர்மானமாகிவிடுகிறது. “அந்த விஷயம் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டால் யாரும் “ஆமாங்க” என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் மகன் நிற்கும்போது கேட்டால் அதுகூட வராது. முதலில் இது பலருக்கும் வருவதுதான் என்று சொல்லிவிட்டு, பிறகு கேட்க வேண்டும்: “சுகர் இருக்கிறவங்க நிறைய பேருக்கு உறவு நேரத்துல விறைப்பு குறையுறது உண்டுங்க. உங்களுக்கு அப்படி ஏதாச்சும் இருக்கா?” குழந்தை பெற்ற பெண்ணிடம்: “பிரசவத்துக்கு அப்புறம் சேரும்போது பல பேருக்கு எரிச்சல் இருக்கும்மா. உனக்கு எப்படி இருக்கு?” கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இதைக் கேட்க அரை நிமிடம் போதும். இல்லை என்று சொன்னாலும் வீண் இல்லை. இங்கே இதைப் பேசலாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை அவரே ஆரம்பிப்பார்.

இளைஞர்களைப் பொறுத்தவரை முதல் இரண்டு படிகளிலேயே தீர்ந்துவிடும் பெரிய சுமை ஒன்று உண்டு. கைப்பழக்கத்தாலும் தூக்கத்தில் விந்து வெளியேறுவதாலும் உடல் தேய்கிறது, ‘நரம்புத் தளர்ச்சி’ வந்துவிட்டது என்ற பயம். இந்தியத் துணைக்கண்டத்தில் இது எவ்வளவு பரவலென்றால், 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் இதற்கு ‘தாத்து சிண்ட்ரோம்’ என்று தனிப் பெயரே வைத்தார். உண்மை நிலவரம் இதுதான்: ஒரு முறை வெளியாவது பொதுவாக 2 முதல் 5 மில்லி. அதில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர். விந்தணுக்கள் மிகச் சிறிய பங்கு. விந்தணு உற்பத்தி நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறது. ஓர் அணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். சேமித்து வைத்தாலும் தேங்காது, செலவானாலும் தீராது. ஒரு துளி விந்துக்கு இத்தனை துளி ரத்தம் என்று சொல்லும் கணக்கெல்லாம் மருத்துவத்தில் இல்லை. கைப்பழக்கத்தால் நரம்பு தளர்வதில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு வருகிறவரிடம் “ஒண்ணுமில்ல, போ” என்று அனுப்புவது தோல்வியில்தான் முடியும். அவருடைய சோர்வும் தூக்கமின்மையும் நிஜம். பின்னால் பதற்றமோ மனச்சோர்வோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது படியில், அவருடைய நோய்க்கும் மருந்துக்கும் தொடர்பான தகவல் மட்டும். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் வகை மாத்திரைகள் உச்சத்தைத் தாமதப்படுத்தும், ஆசையையும் குறைக்கும். மனநோய்க்குத் தரும் ரிஸ்பெரிடோன், ஆசையைக் குறைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றும். பிரஷருக்கான குளோர்தாலிடோன், அட்டெனோலால் போன்றவை சிலருக்கு விறைப்பைக் குறைக்கும். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பச் செய்யலாம்; அது ஆபத்தில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ஆள் தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்றாம் மாதம் பிரஷர் 180இல் வந்து நிற்பார். சொல்லிவிட்டால் மாற்று மருந்து, அளவு குறைப்பு என்று வழிகள் இருக்கின்றன.

மாரடைப்பு வந்தவரின் வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்காத கேள்வியும் இங்கேதான் சேரும். பொதுவான அளவுகோல், நிறுத்தாமல் இரண்டு மாடிப் படி ஏறும்போது நெஞ்சுவலியோ அதிக மூச்சிரைப்போ இல்லையென்றால் உறவின் உழைப்பையும் இதயம் தாங்கும் என்பது. பைபாஸ் செய்தவர்கள் நெஞ்செலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் உப்பு, எண்ணெய், நடைப்பயிற்சி எல்லாம் இருக்கும். இந்த ஒரு வரி மட்டும் இருக்காது.

மாத்திரை ஏன் ‘வேலை செய்வதில்லை’

மூன்றாவது படி, குறிப்பான ஆலோசனை. விறைப்புக் குறைவையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் கேட்க வேண்டியது, அதிகாலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று. அது வழக்கம்போல இருந்து, துணையோடு மட்டும் இல்லையென்றால் மனப் பதற்றம் பக்கம் பார்க்கலாம். காலையிலும் இல்லை, ஒன்றிரண்டு ஆண்டுகளாகப் படிப்படியாகக் குறைந்தது என்றால் ரத்தக்குழாய், நரம்பு, ஹார்மோன் பக்கம். ஐந்தே கேள்விகள் கொண்ட ஓர் அளவீடு உண்டு. 25க்கு 21 அல்லது அதற்குக் கீழே வந்தால் குறைவு இருப்பதாகப் பொருள். பிறகு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர். டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பதானால் காலை 11 மணிக்குள், வெறும் வயிற்றில். குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடியும். சாயங்காலம் எடுத்த ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஹார்மோன் ஊசி போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. குழந்தைக்கு முயல்கிறவருக்கு அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும்.

40, 50 வயதில் புதிதாக வரும் விறைப்புக் குறைவை இதயத்தின் முன்னறிவிப்பாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணுறுப்புத் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம். இதயத் தமனி 3 முதல் 4. கொழுப்பு படிந்தால் குறுகலானதுதான் முதலில் அடைபடும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இது காட்டிக்கொடுப்பதுண்டு. சீட்டில்லாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொள்கிறவர் இழப்பது இந்த எச்சரிக்கையைத்தான்.

விறைப்புக்குத் தரும் மாத்திரையான சில்டெனாஃபில் வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கும். 65 வயதுக்கு மேல், அல்லது கல்லீரல், சிறுநீரகக் கோளாறு இருந்தால் 25. உறவுக்கு ஒரு மணி நேரம் முன், 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் கூடாது. பலனில்லை என்று திரும்பி வருகிறவர்களிடம் விசாரித்தால் காரணங்கள் பெரும்பாலும் இவைதான். பிரியாணி சாப்பிட்ட கையோடு போட்டிருப்பார். கொழுப்புள்ள உணவு மருந்து ஏறுவதைத் தாமதப்படுத்தும். போட்டுவிட்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்திருப்பார், தூண்டல் இல்லாமல் இந்த மருந்து எதையும் செய்யாது. ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தியிருப்பார். சரியான அளவில் ஆறு முதல் எட்டு முறையாவது முயன்ற பிறகுதான் பலனில்லை என்று முடிவு கட்ட வேண்டும். அதே வகை மாத்திரையான தடாலாஃபில் உணவைப் பற்றிக் கவலைப்படாது, 36 மணி நேரம் வரை வேலை செய்யும்.

உயிருக்கு ஆபத்தான சேர்க்கை ஒன்று: நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகள். அவையும் இந்த விறைப்பு மாத்திரைகளும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்கும், தடாலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடாது. நள்ளிரவில் நெஞ்சுவலியோடு எமர்ஜென்சிக்குப் போனால் வெட்கப்படாமல் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். ‘மூலிகை’ என்று விற்கும் பவுடர், லேகியங்களிலும் சில்டெனாஃபில் கலந்திருப்பது உலகெங்கும் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதில் எத்தனை மில்லிகிராம் என்று விற்பவருக்கே தெரியாது.

விந்து முந்துதலுக்கும் இதே படியில் வழி இருக்கிறது. 1956இல் ஜேம்ஸ் செமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்ன நிறுத்தி-தொடங்கும் பயிற்சி: உச்சம் நெருங்குவதை உணர்ந்ததும் தூண்டலை நிறுத்தி, அடங்கிய பிறகு மறுபடி தொடங்கி, சில சுற்றுகள் இப்படிச் செய்த பின் விடுவது. முதலில் தனியாக, பிறகு துணையோடு. வாரக்கணக்கில் செய்தால்தான் பலன் தெரியும். இரண்டு நாளில் விட்டுவிடுபவர்களே அதிகம்.

உறவே நடக்காத திருமணம்

கல்யாணமாகி ஓராண்டு, இரண்டாண்டு ஆகியும் உறவு நடக்கவில்லை என்று வரும் தம்பதிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். பெரும்பாலும் குழந்தையில்லை என்ற பெயரில்தான் வருவார்கள், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் விஷயம் வெளிவரும். இவர்களில் பல தம்பதிகளில், பெண்ணுக்கு நுழைவு முயற்சியின்போது யோனியைச் சுற்றியுள்ள தசைகள் அவள் விருப்பமில்லாமலே இறுகிக்கொள்கின்றன. இதை வெஜைனிஸ்மஸ் என்பார்கள். அவள் ஒத்துழைக்கவில்லை என்று வீட்டில் பேசுவார்கள். கண்ணருகில் விரலைக் கொண்டுபோனால் இமை மூடிக்கொள்வதை யாரும் ஒத்துழையாமை என்று சொல்வதில்லையே.

இதற்கு நான்காவது படி தேவை. முதல் கட்டளை, நுழைவு முயற்சியை முற்றிலும் நிறுத்துவது. ஒவ்வொரு வலியும் அந்த இறுக்கத்தை உறுதிப்படுத்துகிறது. பிறகு மூச்சுப் பயிற்சி, இடுப்புத் தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. அதன்பின் அவள் தன் கையாலேயே, நீர் சார்ந்த ஜெல்லுடன், சுண்டுவிரல் அளவிலிருந்து படிப்படியாகப் பெரிதாகும் டைலேட்டர்களை, அதாவது யோனிக்குள் வைத்துப் பழகும் வழவழப்பான குச்சிகளை, பழகுவாள். ஒரு அளவு வலியில்லாமல், பயமில்லாமல் ஆன பிறகே அடுத்தது. கணவன் இதில் பார்வையாளராக இருக்கக் கூடாது, அவசரப்படுத்துபவராகவும் இருக்கக் கூடாது. இணையாக, மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் வகுத்த தொடுகைப் பயிற்சி: உறவு வேண்டாம் என்ற உடன்பாட்டோடு, பிறப்புறுப்பைத் தவிர்த்து ஒருவரையொருவர் தொட்டுப் பழகுவது. வாரங்களில் தொடங்கி சில மாதங்களில் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். மயக்கம் கொடுத்துக் கன்னிச்சவ்வை வெட்டிவிடுவது இதற்குச் சிகிச்சை கிடையாது. சவ்வே தடையாக இருப்பது மிக அரிது. வெட்டிய பிறகும் தசை இறுகத்தான் செய்யும், கூடவே தழும்பின் வலியும்.

மாதவிடாய் நின்ற பிறகு வரும் வலிக்கு இவ்வளவு நீண்ட பாதை தேவையில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்து யோனிச் சுவர் மெலிகிறது, அவ்வளவுதான். ஜெல், தேவைப்பட்டால் யோனியில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம்: வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. வீட்டிலுள்ள தேங்காயெண்ணெய் வறட்சிக்கு உதவும். ஆனால் எண்ணெய் பட்டால் லேட்டெக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும். பாலூட்டும் தாய்க்கும் இதே வறட்சி வருவதுண்டு, பாலூட்டல் குறையும்போது தானாகப் போகும்.

தொற்று என்று சந்தேகம் வந்தால்

அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுக்கான மையத்தைத் தமிழ்நாட்டில் ‘சுகவாழ்வு மையம்’ என்பார்கள், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் இடம் ‘நம்பிக்கை மையம்’. இரண்டிலும் கட்டணமில்லை, கவுன்சிலர் இருப்பார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் குழுவால்.

லேப் முடிவுக்குக் காத்திராமல் அறிகுறிகளின் கூட்டத்தை வைத்து அன்றே மருந்து கொடுக்கும் முறையை தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் வகுத்தது. ஏழு வண்ணப் பொட்டலங்கள். சீழ் வடிந்தால் சாம்பல் நிறம்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம், ஒரே வேளை. வலியில்லாத புண்ணுக்கு வெள்ளைப் பொட்டலம். அதில் 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசியும் உண்டு. கொப்புளமாகி எரியும் அக்கிக்குச் சிவப்பு: அசைக்ளோவிர் 7 நாள். ஒரே நாளில் மருந்து கிடைத்தால் நோயாளி திரும்பி வராமல் போனாலும் தொற்று பரவாது என்பது இதன் கணக்கு.

இது தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்: துணைக்குச் சிகிச்சை கொடுக்காமல் விடுவது. கணவன் மட்டும் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அதே கிருமி திரும்பி வரும். இருவரும் முடித்து, ஒரு வாரம் உறவைத் தவிர்க்க வேண்டும். இன்னொன்று, சிஃபிலிஸ் புண் வலிக்காது, மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறியது புண் மட்டும்தான்; நோய் உள்ளே தொடர்ந்து போகும். ஆகவே ரத்தப் பரிசோதனை அவசியம்.

ஆணுறை கிழிந்தது, அல்லது வன்கொடுமை நடந்தது என்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முன்போ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல். மறுநாளே பரிசோதனை செய்து ‘இல்லை’ என்று வந்தால் அதற்குப் பொருளில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

போவதற்கு முன்

சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போங்கள், லேகியம் உட்பட. எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன மாறியது (புது மருந்து, அறுவை, வேலை இழப்பு, பிரசவம்) என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்ல வாய் வரவில்லையென்றால் அந்தத் தாளையே நீட்டலாம். “டாக்டர், தனியா ஒரு நிமிஷம் பேசணும்” என்றால் போதும்.

உடலைச் சோதிக்கும்போது பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டும் என்று பெண்கள் கேட்கலாம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் ஒப்புதல் இல்லாமல் அந்தப் பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை அடுத்தவரிடம் சொல்லவும் கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் நிலைமை வேறு: போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தன்பாலீர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய சிகிச்சையைத் தடுக்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவ ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

எச்.ஐ.வி., பால்வினைத் தொற்று பற்றி நேரில் போகும் முன் பேசிப் பார்க்க, 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.